எச்.ஐ.வி. டெஸ்டுக்குத் தயங்குகிறவரை எப்படி அழைத்துப் போவது?

பரிசோதனை மையத்தில் கவுன்சலராக இருக்கிறேன். வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயம்தான் பலருக்கு. அதனால் நண்பரையோ துணைவரையோ அழைக்கும்போது, "உனக்கு ரிஸ்க் இருக்கு" என்று ஆரம்பிக்காதீர்கள். குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும். "போக விடாம எது தடுக்குது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள்.

யாராவது பார்த்துவிடுவார்கள் என்றால், சுயபரிசோதனை கிட் கிடைக்கும் இடங்களில் அதைச் சொல்லுங்கள். விரல்நுனி ரத்தமோ ஈறில் தடவி எடுக்கும் திரவமோ போதும். உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் இதைப் பரிந்துரைக்கிறது. பாசிட்டிவ் காட்டினால் அதுவே முடிவல்ல, மையத்தில் உறுதி செய்ய வேண்டும்.

"பாசிட்டிவ்னு வந்துட்டா எல்லாம் போச்சு" என்பவரிடம்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 1996-இல் கூட்டு மருந்து சிகிச்சை வந்ததிலிருந்து நிலைமையே வேறு. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. இதை நான் நிதானமாக, இரண்டு முறை சொல்வேன். "அப்போ குழந்தை பெத்துக்கலாமா?" என்று உடனே கேட்பவர்கள் உண்டு. பெற்றுக்கொள்ளலாம். தாய்க்குத் தொற்று இருந்தாலும் முறையான சிகிச்சையில் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

நாள் கணக்கும் முக்கியம். தொற்று ஏற்பட்ட மறுநாளே டெஸ்டில் தெரியாது. விரல்நுனி ரத்தத்தில் ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) பார்க்கும் ரேப்பிட் டெஸ்டில் தெரிய 90 நாள் வரைகூட ஆகலாம். ஆனால் தொற்றியிருக்கலாம் என்று பயப்படும் சம்பவம் நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால், இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தொற்றைத் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கிறது.

முடிந்தால் நீங்களும் டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். "நானும் எடுக்கிறேன்" என்ற பேச்சுக்கு இருக்கும் பலம் எங்கள் சுவரொட்டிகளுக்கு இல்லை. அப்புறம், மையத்தில் யாராவது "இதெல்லாம் தேவையா உங்களுக்கு?" என்கிற தொனியில் பேசினால் வேறு மையத்துக்குப் போய்விடுங்கள். அந்த ஒரு வாக்கியத்தால் திரும்பி வராமலே போனவர்கள் இருக்கிறார்கள்.

கவுன்சலிங் அறைக்குள் அவர் தனியாகப் போகட்டும். ரேப்பிட் டெஸ்ட் ரிசல்ட் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். வெளியே வந்ததும் "என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள், அவராகச் சொன்னால் கேளுங்கள். பாசிட்டிவ் என்றால், உறுதி செய்யும் டெஸ்ட் எங்கே, சிகிச்சைக்கு எந்தத் தேதியில் வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.