கேஸ் ஸ்டடி வகுப்பை நடத்துவது எப்படி? அரவிந்த் கண் மருத்துவமனையை வைத்து ஒரு வழி

ஒரு நிறுவனம் உண்மையில் சந்தித்த பிரச்சினையை எழுதிக் கொடுத்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மாணவர்களை விவாதிக்கவைப்பதுதான் கேஸ் ஸ்டடி. ஆனால் எம்பிஏ வகுப்புகளில் அந்தப் பெயரில் பெரும்பாலும் நடப்பது கதைச்சுருக்கம்தான். ஆசிரியர் பதினைந்து பக்கத்தையும் பவர்பாயிண்டில் போட்டு விளக்குவார், கடைசியில் நிறுவனம் ஜெயித்ததற்கு ஐந்து காரணம் சொல்வார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நானும் முதல் இரண்டு வருடம் இப்படித்தான் நடத்தினேன். தேர்வில் அந்த ஐந்து காரணமும் வரிசை மாறாமல் திரும்பி வந்தபோதுதான், இவர்கள் யாரும் ஒரு முடிவுகூட எடுத்துப் பார்க்கவில்லை என்பது உறைத்தது.

கேஸ் என்பது முடிவெடுத்தாக வேண்டிய ஒருவருடைய நாற்காலி. அதில் மாணவரை உட்காரவைக்க வேண்டும், நீங்கள் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் இந்த முறையைச் சட்டக் கல்லூரியிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. 1919இல் டீனாக வந்த வாலஸ் டோனம் சட்டம் படித்தவர், வழக்குகளை வைத்து விவாதித்தே பாடம் கற்றவர். 1921இல் அங்கே எழுதப்பட்ட முதல் கேஸ் ஒரு ஷூ கம்பெனியைப் பற்றியது, அதுவும் ஒரே பக்கம். அதனால் கேஸ் என்றால் முப்பது பக்கம் இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

சரி, எந்தக் கேஸை எடுப்பது? எங்கள் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது மதுரை அரவிந்த். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியது. ஹார்வர்டு பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் 1993இல் இதைப் பற்றி எழுதிய கேஸ் இன்றும் உலகம் முழுக்க வகுப்புகளில் நடத்தப்படுகிறது. அது காசு கொடுத்து வாங்க வேண்டியது, ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்காதீர்கள். கல்லூரியில் வாங்கித் தரவில்லையென்றால், பொதுவில் கிடைக்கும் தகவலை வைத்து நீங்களே ஒன்றரைப் பக்கம் எழுதிவிடலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். எழுதும்போது ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது, முடிவெடுக்க வேண்டிய இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட வேண்டும்.

நான் நிறுத்துவது இந்த இடத்தில். கிராமத்தில் கண் முகாம் நடக்கிறது. கண்புரை இருக்கிறது, ஆபரேஷன் இலவசம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை. ஏன் வரவில்லை, கையில் இருக்கும் பணத்தை முதலில் எதில் போடுவீர்கள்? அவ்வளவுதான் கேள்வி. அப்புறம் மருத்துவமனை என்ன செய்தது என்பது கேஸில் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. கைபேசியில் தேடிவிடுவார்களே என்றால், வகுப்புக்கு முந்தின நாளே ஆளுக்கு அரைப் பக்கம் கையால் எழுதி வாங்கிவிடுங்கள். உள்ளே வரும்போது எல்லோரிடமும் சொந்த முடிவு ஒன்று இருக்கும், அதை விட்டுக்கொடுக்க மனசு வராது, விவாதம் அதிலிருந்தே சூடுபிடிக்கும்.

ஐம்பது நிமிடப் பீரியடில் இது நடக்காது. இரண்டு பீரியடைச் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

முதல் கேள்வியைக் கேட்டதும் வகுப்பு அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நீங்கள் நிரப்பாதீர்கள், மனசுக்குள் இருபது வரை எண்ணுங்கள். யாராவது ஒருவர், “பயம் சார், விழிப்புணர்வு கொடுக்கணும்” என்பார். வெரிகுட் சொல்லிவிட்டால் அதுதான் விடை என்று மற்றவர்கள் பேனாவைத் திறந்துவிடுவார்கள். அதனால் போர்டில் எழுதிவிட்டு, “அந்த அம்மாவுக்கு விழிப்புணர்வு வந்தாச்சு, பயமும் போயிடுச்சு. மறுநாள் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்ப என்னென்ன வேண்டும்?” என்று கேளுங்கள். ஒருமுறை அதுவரை வாயே திறக்காத ஒரு மாணவி கடைசி பெஞ்சிலிருந்து, “எங்க அப்பத்தாவுக்கும் இலவசம்னுதான் சொன்னாங்க, ஆனா கூட யார் போறது, ரெண்டு நாள் கூலி போயிடுமே” என்றாள். உடனே சாக்பீஸை அவள் கையில் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னேன். பஸ் டிக்கெட், சாப்பாடு, துணைக்குப் போகிறவரின் கூலி எல்லாம் சேர்த்துப் போர்டில் ஒரு தொகை வந்ததும், இலவசம் என்ற சொல்லுக்கு வகுப்பில் அர்த்தமே மாறிவிட்டது. நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இது நடந்திருக்காது. முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துப்போய், தங்கவைத்துச் சாப்பாடு போட்டு, திரும்பவும் கொண்டுவந்து விட்டார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

இன்னொன்று, அவள் தமிழில் பேசியதால்தான் அது வெளியே வந்தது. ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று விதி வைத்தால் நன்றாக ஆங்கிலம் பேசுகிற நாலு பேர் மட்டும் விவாதிப்பார்கள், நன்றாக யோசிக்கிறவர்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். தமிழில் பேசட்டும். அறிக்கையை வேண்டுமானால் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த பாதியில் எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். பேருந்தும் சாப்பாடும் கொடுத்தால் செலவு ஏறுமே, பணம் எங்கிருந்து வரும்? கட்டணம் கட்டும் நோயாளிகள் என்பார்கள். அது மட்டும் போதுமா என்று விடாமல் கேட்டால்தான் ஒரு ஆபரேஷனுக்கு ஆகும் செலவுக்குள் இறங்குவார்கள். அரவிந்தில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை, ஒன்றில் ஆபரேஷன் முடிவதற்குள் பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார், டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதைத் தவிர மற்ற வேலை எல்லாம் பயிற்சி பெற்ற பெண் உதவியாளர்கள் கையில். ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸின் விலை கட்டுப்படியாகாததால் 1992இல் ஆரோலேப் என்று தனியாகத் தொடங்கி லென்ஸையும் தாங்களே தயாரிக்க ஆரம்பித்தார்கள். இதில் எதை முதலில் செய்வீர்கள் என்று கைதூக்கச் சொல்லி, சிறுபான்மைப் பக்கத்தை முதலில் பேசவிடுங்கள்.

போர்டை முன்கூட்டியே மனசில் மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது: ஏன் வரவில்லை, என்ன செய்யலாம், பணம். யார் எதைச் சொன்னாலும் எந்தப் பகுதியில் எழுதுவது என்று தடுமாறாமல் இருக்கலாம்.

மதிப்பெண் இல்லையென்றால் பாதிப் பேர் படிக்காமல்தான் வருவார்கள். ஹார்வர்டில் பல பாடங்களில் வகுப்பில் பேசுவதற்கே பாதி மதிப்பெண் வரை உண்டு. நமக்கு அவ்வளவு கொடுக்க முடியாது, இன்டர்னலில் பத்து ஒதுக்கினாலே வித்தியாசம் தெரியும். ஆனால் எத்தனை முறை பேசினார் என்று எண்ணாதீர்கள், முன்னால் பேசியவரின் கருத்தை எடுத்து ஒரு படி நகர்த்தினாரா என்று பாருங்கள். வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்கி, யார் என்ன சொன்னார் என்று பெயர்ப் பட்டியலை வைத்து எழுதிவிடுங்கள், மறுநாளைக்குப் பாதி மறந்துவிடும்.