ஒரே மீனைப் பின்தொடர்ந்து ஒரு கார்ப் பயணம்: ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரை, நான்கு நாள்

ஸ்காட்லாந்துக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் மலையையும் ஏரியையும் தேடி மேற்கே போய்விடுகிறார்கள். கிழக்குக் கரையையும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். எடின்பரோவில் கிளம்பி வடக்கே கலன் என்ற ஊர் வரை போனால் 300 கி.மீ.-ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இந்த வழியில் ஹேடாக் என்ற ஒரே மீனை ஓர் ஊர் பொரிக்கிறது, ஓர் ஊர் புகையிலேயே வேகவைக்கிறது, ஓர் ஊர் சூப்பாக்குகிறது. அந்த மீனைப் பின்தொடர்ந்து போனால் பயணத் திட்டம் தானாகவே அமைந்துவிடும்.

முதல் படி: கார் எடுப்பது

அங்கேயும் நம் ஊரைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். சுற்றுலா வந்தவர்கள் இந்திய உரிமத்தை வைத்து 12 மாதம் வரை ஓட்டலாம். கியர் மாற்றத் தேவையில்லாத கார் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். காரும் சிறியதாக இருக்கட்டும். துறைமுகச் சந்துகளில் இரண்டு பெரிய கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போயே ஆக வேண்டும். பலகைகளில் இருப்பது மைல் கணக்கு. வேக வரம்பு ஊருக்குள் பொதுவாக மணிக்கு 30 மைல், சில தெருக்களில் 20. மதுவுக்கான வரம்பு 2014 முதல் இங்கிலாந்தை விட இங்கே கடுமையாக இருப்பதால், ஓட்டுகிறவர் குடிக்கவே வேண்டாம்.

கிளம்பியதும் சவுத் குவீன்ஸ்ஃபெரியில் பத்து நிமிடம் நில்லுங்கள். 1890-இல் திறந்த சிவப்பு ரயில் பாலம் தலைக்கு மேலே போகிறது. பிறகு 2017-இல் திறந்த புதிய சாலைப் பாலத்தில் ஏறிக் கழிமுகத்தைக் கடந்துவிடலாம். சுங்கம் கிடையாது.

இரண்டாம் படி: ஃபைஃப் கரையில் பொரித்த மீன்

பாலம் தாண்டியதும் நெடுஞ்சாலையை விட்டு வலப்பக்கம் கரையோரமாகத் திரும்புங்கள். ஏ917 என்ற சாலையில் ஈலி, செயின்ட் மோனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ருதர், க்ரெயில் என்று சில நிமிடங்களுக்கு ஒரு மீனவர் ஊர் வரும். எல்லாவற்றிலும் இறங்க ஆசை வரும், இரண்டைத் தேர்ந்தெடுங்கள். நான் ஆன்ஸ்ட்ருதரையும் க்ரெயிலையும் சொல்வேன். க்ரெயிலில் சிவப்பு ஓட்டு வீடுகள் சூழ்ந்த குட்டித் துறைமுகம். அங்கே நண்டும் சிங்கி இறாலும்தான் பேச்சு.

மதியச் சாப்பாடு ஆன்ஸ்ட்ருதரில். கடையில் 'ஃபிஷ் சப்பர்' என்று கேளுங்கள். சப்பர் என்றால் இரவு உணவு என்று எண்ணிவிட வேண்டாம். உருளைக்கிழங்கு வறுவலும் சேர்த்து என்று பொருள். எடின்பரோவில் அதன் மேல் உப்பும் பழுப்புச் சாஸும் ஊற்றித் தருவார்கள். இங்கே உப்பும் வினிகரும். சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், ஏனென்றால் கடற்காகங்கள் பின்னாலிருந்துதான் வரும்.

மூன்றாம் படி: ஆர்ப்ரோத்தில் நிதானம்

செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓர் இரவு தங்கி, மறுநாள் டண்டீ வழியாக ஆர்ப்ரோத் போய்விடுங்கள். என்னைக் கேட்டால் இந்தப் பயணமே இந்த ஊருக்காகத்தான். இங்கே ஹேடாக்கைத் தலை நீக்கி, குடல் எடுத்து, உப்பில் வைத்து, இரண்டிரண்டாக வாலில் கயிறு கட்டிக் குச்சியில் தொங்கவிடுகிறார்கள். கீழே கடின மர விறகு எரியும். மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிடுவார்கள். அந்த வெக்கையிலும் புகையிலும் மீன் ஒரு மணி நேரத்துக்குள் வெந்துவிடும். இதன் பெயர் 'ஸ்மோக்கி'. பக்கத்துக் கிராமமான ஆக்மித்தியில் பிறந்த பழக்கம் இது. ஆர்ப்ரோத்திலும் அதைச் சுற்றி 8 கி.மீ.க்குள்ளும் செய்ததைத்தான் 'ஆர்ப்ரோத் ஸ்மோக்கி' என்று விற்கலாம். 2004-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் விறகுப் புகையின் வாசனையே கடைக்கு வழி காட்டும். சூடாக ஒன்று கேளுங்கள், காகிதத்தில் பொதிந்து தருவார்கள். தோல் செம்புப் பாத்திரத்தின் நிறம், வாலில் கயிற்றின் தடம். வயிற்றுப் பக்கத்தைக் கட்டைவிரலால் விரித்து, நடுமுள்ளைத் தலைப்பக்கமிருந்து மெல்லத் தூக்கினால் முழுதாக வந்துவிடும். உள்ளே சதை பாலாடை போல வெண்மையாக, ஈரத்தோடு இருக்கும். கத்தி, முள்கரண்டி எதுவும் வேண்டாம். நாள் முழுக்க விரலில் புகை மணக்கும். எனக்கு அது பிடிக்கும்.

நான்காம் படி: வடக்கே

ஸ்டோன்ஹேவன் அருகே கடற்பாறை மேல் நிற்கும் டன்னாட்டர் கோட்டைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து அபர்டீன் போகும் வழியில் ஃபிண்டன் என்ற சிற்றூர் உண்டு. நெருப்பின் சூடு படாமல் குளிர்ந்த புகையில் பதப்படுத்தும் 'ஃபின்னன் ஹேடி' மீனுக்கு இந்த ஊரின் பெயர்தான். அபர்டீனில் காலை உணவுக்கு 'ரோவி' வாங்குங்கள். கொழுப்பும் உப்பும் தூக்கலான தட்டை ரொட்டி. பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், தவிர்ப்பவர்கள் கேட்டு வாங்குங்கள்.

சிற்றூர்களில் சமையலறையைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் நேரம் போனதே தெரியாது. ஒருமுறை ஒன்பது மணிக்குப் போய் பிஸ்கட்டோடு படுத்தோம். ஏழு மணிக்குள் மேசையில் உட்கார்ந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: கலன், பிறகு உங்கள் அடுப்பு

கலனில் பழைய ரயில் பாலத்துக்குக் கீழே மீனவர் வீடுகள், அதற்கப்பால் மணற்கரை. இங்கே குடிக்க வேண்டியது 'கலன் ஸ்கிங்க்'. ஸ்கிங்க் என்பது முதலில் மாட்டின் முன்னங்கால் இறைச்சியைக் குறித்த சொல். இந்த ஊரில் அந்த இடத்தைப் புகைபோட்ட ஹேடாக் பிடித்துக்கொண்டது.

வீட்டில் செய்வதும் எளிது. வெண்ணெயில் ஒரு வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, இரண்டு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு வேகவையுங்கள். வேறொரு பாத்திரத்தில் அரை லிட்டர் பாலில் 300 கிராம் புகைபோட்ட மீனை இளஞ்சூட்டில் வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். சாயம் பூசிய மஞ்சள் மீன் வேண்டாம். கிழங்கில் பாதியை மசித்து, பாலையும் மீனையும் சேருங்கள். மீனிலேயே உப்பு இருக்கிறது, ருசி பார்த்த பிறகே போடுங்கள். பால் சேர்த்த பின் கொதிக்க விடாதீர்கள். ஓரத்தில் சிறு குமிழ் வந்ததும் இறக்கிவிடுங்கள்.