மலை ஸ்டேஜ் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பல நாள் நடக்கும்; ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு ஸ்டேஜ். அதில் மலை ஸ்டேஜ் ஒன்று நாலைந்து மணி நேரம் ஓடும். அவ்வளவு நேரம் யார் உட்கார்வது என்று, கடைசி அரை மணி நேரத்துக்கு மட்டும் டிவியைப் போடுகிறவர்கள் நிறைய. முதல் தவறு இதுதான். யார் ஜெயித்தார் என்பது தெரிந்துவிடும், எப்படி ஜெயித்தார் என்பது தெரியாது.

2022 ஜூலை 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அல்பெர்வில்லில் புறப்பட்டு, 2413 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிரனோன் கணவாயில் முடிந்த ஸ்டேஜ். மொத்த நேரக் கணக்கில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி டாடே போகாச்சரிடம். கடைசி ஐந்து கிலோமீட்டருக்குள் யோனாஸ் விங்கெகோர் எகிறிப் பாய்ந்தார். போகாச்சரால் அசையக்கூட முடியவில்லை. 2 நிமிடம் 51 விநாடி பின்தங்கி ஏழாவதாக வந்தார், ஜெர்சியும் போனது. கடைசிக் காட்சியை மட்டும் பார்த்தவர் 'என்ன ஆச்சு இவருக்கு?' என்றுதான் கேட்பார்.

ஆனது எல்லாம் அதற்கு முன்பு வந்த கலிபியே மலையில். முடிவுக்கோட்டுக்கு இன்னும் 50 கிலோமீட்டருக்கு மேல் இருந்தபோதே விங்கெகோரின் யும்போ-விஸ்மா அணி ஆட்டத்தைத் தொடங்கிவிட்டது. அதே அணியின் பிரிமோஸ் ரோக்லிச் பாய்வார், போகாச்சர் துரத்திப் பிடிப்பார். மூச்சு வாங்குவதற்குள் விங்கெகோர் பாய்வார். மறுபடி ரோக்லிச். துரத்த உதவிக்கு ஆள் இல்லாமல் எல்லாவற்றுக்கும் போகாச்சரே பதில் சொன்னார். வெயில் வேறு.

அங்கே இன்னொரு தவறான கணிப்புக்கும் இடம் இருந்தது. ஒவ்வொரு பாய்ச்சலையும் பிடிக்கிறவரைப் பார்த்தால் 'இவர்தான் பலசாலி' என்று தோன்றும். அன்று எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும், முகத்தில் அவ்வளவு தெம்பு. ஆனால் ரோக்லிச் ஏற்கனவே நேரத்தில் பின்தங்கியிருந்தவர். தோற்க அவரிடம் பெரிதாக எதுவும் இல்லை. அவர் வேலை ஜெயிப்பது இல்லை, போகாச்சரைக் களைக்க வைப்பது. அதனால் யார் பாய்கிறார் என்பதோடு, மொத்த நேரப் பட்டியலில் அவர் எங்கே இருக்கிறார் என்பதையும் பாருங்கள்.

சரி, ஏன் கிரனோனில் மட்டும் அந்தக் களைப்பு வெடித்தது? 11.3 கிலோமீட்டருக்குச் சராசரி 9.2 சதவீத ஏற்றம். சமதளத்தில் முன்னே போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றின் தடை வெகுவாகக் குறையும். இவ்வளவு செங்குத்தில் வேகமே குறைவு, அதனால் அந்தச் சலுகையும் சொற்பம். ஒளிய இடமில்லை.

புள்ளி போட்ட ஜெர்சிக்காரர்தான் சிறந்த மலையேறி என்று நினைப்பதும் வேண்டாம். அந்த ஜெர்சி, மலை உச்சிகளை முதலில் எட்டுபவர்களுக்குக் கிடைக்கும் மதிப்பெண்களின் கணக்கு. ரிஷார் விரெங்க் அதை 7 முறை வென்றார், டூரை ஒருமுறைகூட வெல்லவில்லை.

அப்புறம், முதல் ஆள் கோட்டைத் தொட்டதும் டிவியை அணைத்துவிடாதீர்கள். பின்னால் ஸ்பிரின்டர்கள், அதாவது சமதளத்தின் கடைசி ஓட்டத்தில் வேகம் காட்டுகிறவர்கள், கூட்டமாக வந்துகொண்டிருப்பார்கள். வெற்றியாளரின் நேரத்தை வைத்துக் கணக்கிடும் கெடுவுக்குள் வராவிட்டால் மறுநாள் ஓட முடியாது. 2018-இல் லா ரோசியேர் ஸ்டேஜில் மார்க் கேவண்டிஷும் மார்செல் கிட்டலும் அப்படித்தான் வெளியேறினார்கள்.