புதிதாக ஓட்டுபவருக்குப் பெரிய பிக்கப் சரிவருமா?

அமெரிக்காவில் பிள்ளை லைசென்ஸ் எடுத்த கையோடு ஃபோர்டு எஃப்-150 மாதிரி பெரிய பிக்கப்பைக் கொடுக்கலாமா? என்னைக் கேட்டால், முதல் ஓரிரு வருடம் வேண்டாம். பெரிய வண்டி என்றால் பாதுகாப்பு என்பது பாதி உண்மைதான். அங்கு வாகனப் பாதுகாப்பை ஆராயும் ஐஐஹெச்எஸ் அமைப்பு இளம் ஓட்டுநர்களுக்குப் பரிந்துரைக்கும் பட்டியலில் மிகச் சிறிய கார்களும் இல்லை, மிகப் பெரிய வண்டிகளும் இல்லை. பெரியவற்றைக் கையாள்வது கடினம், பிரேக் போட்டு நிற்கவும் அதிகத் தூரம் எடுக்கும்.

நான்கு கதவு எஃப்-150 சுமார் 19 அடி நீளம். பார்க்கிங் கட்டமோ பல இடங்களில் 18 அடிதான். அதைவிட எனக்குப் பெரிய கவலை பானெட்டின் உயரம். நேர் முன்னால் குறுக்கே வரும் சின்னக் குழந்தை ஓட்டுபவர் கண்ணில் படாமலே போகலாம். பின்கேமரா இதற்கு உதவாது.

அப்புறம், பின்தொட்டி காலியாக இருந்தால் பின்சக்கரங்களில் பாரம் குறைவு. எஞ்சின் பின்சக்கரங்களை மட்டும் இயக்கும் டூ-வீல் டிரைவ் வண்டியென்றால், மழையிலோ பனியிலோ வளைவில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அதிகம் மிதித்தாலே பின்பக்கம் வழுக்கும்.

வீட்டில் இருப்பதே பிக்கப்தானா? சரி, ஆளில்லாத பார்க்கிங்கில் கூம்புகள் வைத்து ரிவர்ஸ் பழக்குங்கள். வலப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறுகிறதா என்று கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள்.