ஆகாய கங்கை அருவி: இறங்கும்போது தெரியாத தவறுகள்

பெரும்பாலான மலைப் பயணங்களில் முதலில் ஏறுவோம், களைத்தபின் இறங்குவோம். கொல்லிமலை ஆகாய கங்கையில் இது தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் பள்ளத்தாக்குக்குள் இறங்குகின்றன. அருவி அடியில் இருக்கிறது. போகும்போது உடம்பு நம் பேச்சைக் கேட்கும். கணக்கெல்லாம் திரும்பி வரும்போதுதான். ஒரு நாள் பயணமாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

ஒரு சின்னக் கணக்கு. படி ஒன்றுக்கு அரை அடி உயரம் என்று வைத்தால்கூட ஆயிரம் படிக்கு 500 அடி. ஐம்பது மாடிக் கட்டடத்தை லிஃப்ட் இல்லாமல் ஏறுவதற்குச் சமம். அதுவும் குளித்து முடித்து, ஈரத் துணியோடு, வெயில் ஏறிய பிறகு.

இறங்குவது சுலபம் என்று வேகமாகப் போவதுதான் முதல் தவறு. படிகள் ஒரே சீராக இல்லை. ஓரிடத்தில் நாலு விரற்கடை உயரம், அடுத்த இடத்தில் முழங்கால் மடங்கும் உயரம். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசைதான் ஒவ்வொரு படியிலும் உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. வேகமாக இறங்கினால் அந்தத் தசை கீழே போய்ச் சேர்வதற்குள் சோர்ந்துவிடும். அருவிக்கரையில் நிற்கும்போது கால் தானாக நடுங்குகிறதே, அது குளிரால் அல்ல. கைப்பிடி இருக்கும் இடமெல்லாம் பிடித்துக்கொண்டு, பாதத்தை முழுதாகப் படியில் வைத்து, கொஞ்சம் பக்கவாட்டாக இறங்குங்கள். இறங்க முக்கால் மணி நேரம், ஏற ஒன்றரை மணி நேரம் என்று ஒதுக்கினால் அவசரப்பட வேண்டியிருக்காது.

ஏறுவதற்கு ஒரே விதிதான்: பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள். பேச்சு துண்டு துண்டாக வந்தால் நில்லுங்கள். ஐம்பது படிக்கு ஒருமுறை நின்றபடியே அரை நிமிடம் மூச்சு வாங்குங்கள். நூறு படியை ஒரே மூச்சில் ஏறிவிட்டுப் பத்து நிமிடம் உட்காருகிறவருக்குத் தசை இறுகிப்போகும், எழுந்திருப்பதே தனி வேலையாகிவிடும். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும். அதில் பாதியை ஏறும்போது குடிக்க மிச்சம் வையுங்கள். இறங்கும்போதே குடித்துத் தீர்த்துவிட்டு நடுவழியில் நாக்கு வறண்டு நிற்பவர்களை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். வியர்வையோடு உப்பும் போய்விடும் என்பதால் ஒரு பாக்கெட் ஓஆர்எஸ், அல்லது உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கையில் இருக்கட்டும்.

கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள். சூடாக, மிளகு தூக்கலாக, நன்றாகவே இருக்கும், குடியுங்கள். ஆனால் ‘மூட்டு வலி போயிடும்’ என்ற பேச்சை நம்பி, முழங்கால் தேய்மானம் உள்ள அம்மாவையோ அப்பாவையோ கீழே கூட்டிப் போகாதீர்கள். மூட்டு வலிக்காரர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் கோயிலில் இருந்துகொள்வதே சரி. நடுப்படியில் ஒருவருக்கு முடியாமல் போனால் தூக்கிக்கொண்டு ஏறுவதைத் தவிர வழி கிடையாது. செல்போன் சிக்னலையும் நம்ப முடியாது.

எப்போது வருவது என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. குற்றாலத்தில் சாரல் என்று கேள்விப்பட்டதும் ஜூன் மாதம் இங்கே கிளம்பி வருகிறார்கள். குற்றாலத்துக்குத் தென்மேற்குப் பருவமழை செங்கோட்டைக் கணவாய் வழியாக நேராக வந்து சேரும். கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது. இங்கே ஆகஸ்ட் தொடங்கி நவம்பர் வரை பெய்யும் மழைதான் அருவிக்கு நீர் தரும் அய்யாற்றை நிரப்புகிறது. மழை சற்று ஓய்ந்த நாட்களில், தை மாதம் வரைக்கும், அருவி நல்ல அழகில் இருக்கும். பங்குனி, சித்திரையில் வந்தால் ஆயிரம் படி இறங்கிப் பாறையில் வழியும் நீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். விழாவுக்காக வருவதென்றால் வாருங்கள். அமைதியாகக் குளிக்க நினைத்தால் அந்த இரண்டு மூன்று நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கிளம்பும் நேரம் இதைவிட முக்கியம். அடிவாரத்தில் காரவள்ளியைக் காலை ஆறரைக்குத் தாண்டினால் ஒன்பதரைக்குப் படியிறங்கலாம், பத்தேகாலுக்கு அருவி. ஒரு மணி நேரத்துக்கு மேல் குளித்தாலும் பதினொன்றரைக்கு ஏறத் தொடங்கி ஒரு மணிக்கு மேலே வந்துவிடலாம். சாப்பாடு அதற்குப் பிறகுதான். பதினோரு மணிக்கு மலைமேல் இருக்கும் செம்மேடு வந்து, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று உட்காருகிறவர்கள், வயிறு நிறைந்த நிலையில் உச்சி வெயிலில் இறங்கி, பள்ளத்தாக்கில் வெளிச்சம் குறையும் நேரத்தில் ஏறுகிறார்கள். பிற்பகலில் கீழே இறங்க அனுமதி நிறுத்தப்படும். கனமழை என்றால் நாள் முழுக்க மூடிவிடுவார்கள். அடைத்த கேட்டுக்கு முன்னால் நின்று வாதாடுவதும், வேறு வழியில் இறங்கப் பார்ப்பதும் வேண்டாம்.

இனி அருவிக்கரை. ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் நீர் இது. அதன் நேர் அடியில் போய் நிற்பது வீரம் அல்ல. நீரோடு கூழாங்கல்லும் முறிந்த கிளையும் சேர்ந்தே வரும். அந்த உயரத்திலிருந்து கோலிக்குண்டு அளவு கல் விழுந்தாலும் தலையில் காயம் படும். பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்றாலே சாரல் உடம்பு முழுக்க நனைத்துவிடும்.

விழும் இடத்திலுள்ள குட்டையில் நீச்சல் தெரிந்தவர்களும் ஏமாறுவார்கள். நுரைத்து வெள்ளையாகத் தெரியும் நீரில் நிறையக் காற்று கலந்திருக்கும், அது உடம்பைச் சரியாகத் தாங்காது. விழுகிற நீர் மேலே இருப்பதைக் கீழே இழுக்கவும் செய்யும். ஒருவர் சிக்கிக்கொண்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள், அப்படித்தான் ஒரு சாவு இரண்டாகிறது. இரண்டு துப்பட்டாவையோ வேட்டியையோ முடிச்சுப் போட்டு, முனையில் மூடிய காலி தண்ணீர் பாட்டிலைக் கட்டி வீசுங்கள். வீசுகிறவர் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும், அவர் காலை இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வழுக்கலைக் கண்ணால் அடையாளம் காணலாம். காய்ந்த பாறை வெளிர் சாம்பல் நிறம். கரும்பச்சையில் மினுமினுப்பாகத் தெரிவது பாசி. அதன் மேல் எந்தச் செருப்பும் நிற்காது, தேய்ந்த ஹவாய் செருப்பு துளியும் நிற்காது. ஆழமான வரி உள்ள ரப்பர் அடி, பின்பட்டை வைத்த செருப்பு இதற்குப் பொருத்தம். தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் உட்கார்ந்து, கையூன்றி நகர்ந்து போங்கள். ஜீன்ஸோடு நீரில் இறங்காதீர்கள். நனைந்தால் கனத்துப்போகும், ஏறும்போது தொடை உரசிப் புண்ணாகும். மாற்றுத் துணி ஒன்றை நீர் புகாத பையில் எடுத்துப் போய், உலர்ந்த துணியோடு ஏறுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பது. வெள்ளம் நீங்கள் நிற்கும் இடத்து மழையால் வருவதில்லை. ஆறு கிளம்பி வரும் மேட்டில், உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பெய்த மழை அது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் மேல் திடீரென வெள்ளம் வந்தது. 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். ஆகாய கங்கையிலும் பள்ளத்தாக்கு குறுகல், ஒதுங்க இடம் குறைவு. ஆகவே குழுவில் ஒருவர் குளிக்காமல் நீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அரை மணிக்கு ஒருவர் மாறிக்கொள்ளலாம். தெளிந்த நீர் செம்மண் நிறத்துக்கு மாறுவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கனத்துப்போவது, சற்று முன் உலர்ந்திருந்த பாறை விளிம்பை நீர் தொடுவது: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே படியேறுங்கள். பையை எடுக்கவோ இன்னொரு படம் எடுக்கவோ நிற்காதீர்கள். துணியையும் செருப்பையும் ஆரம்பத்திலேயே கரையின் மேட்டில், படிக்கட்டுப் பக்கம் வைத்துவிட்டால் இந்தத் தடுமாற்றமே வராது.

குரங்குகள் கண்ணால் மட்டுமல்ல, காதாலும் உணவைக் கண்டுபிடிக்கின்றன. கேரி பேக் சரசரக்கும் சத்தம் போதும். உணவைத் துணிப்பையில், ஜிப் போட்ட பைக்குள் வையுங்கள். பறித்துவிட்டால் விட்டுவிடுங்கள், இழுத்தால் கடிக்கும். கீறல் சிறிதானாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். அருவியில் மட்டும் சோப்பும் ஷாம்பூவும் வேண்டாம். கீழே அந்த நீரைக் குடிக்கும் ஊர்கள் இருக்கின்றன. மது பாட்டிலும் வேண்டாம். உடைந்த சில்லு பாறை இடுக்கில் கிடந்து, வெறுங்காலோடு வரும் குழந்தையின் பாதத்தைத்தான் கிழிக்கும்.

கடைசியாக, காரவள்ளியிலிருந்து வரும் மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எந்த கியரில் வளைவு ஏறினீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் வண்டியின் பாரம் முழுக்க பிரேக் மேல் விழும். பாதி வளைவு தாண்டுவதற்குள் கருகிய வாடை வரும், பிறகு பெடல் அமுங்கிக்கொண்டே போகும். வாடை வந்த உடனே அகலமான இடத்தில் ஒதுக்கி அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருவர் உட்கார்ந்து வருவதை நாங்கள் பரிந்துரைக்கவே மாட்டோம். இறக்கத்தில் அதற்கு எஞ்சின் பிடிமானம் மிகக் குறைவு, பிரேக் ஒன்றுதான் கதி. வளைவுகளில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

ஓட்டுநரும் அந்த ஆயிரம் படியை ஏறி வந்தவர்தான் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஏறி முடித்த கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தால், கிளட்சை மிதிக்கும் இடது கால் நடுங்குவது அவருக்கே தெரியும். ஒரு மணி நேரம் உட்காரட்டும், சாப்பிடட்டும், கால் நடுக்கம் நின்றபின் எடுக்கட்டும். நான்கு மணிக்குள் சோளக்காடு தாண்டினால் காரவள்ளி வரை வெளிச்சம் இருக்கும்.