நைட் டியூட்டி அசதியிலிருந்து மீள

வார்டில் இரவு முழுக்க நின்றால் கால் ரெண்டும் விண்விண்ணென்று தெறிக்கும். காலையில் டவுன் பஸ் ஏறும்முன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் கண்ணில் பட்டால் 'விடிஞ்சிடுச்சு' என்று மூளை முடிவுகட்டிவிடும், அப்புறம் தூக்கம் வராது. (கண்டக்டர் 'மெட்ராஸ் ஐ'யா என்று தள்ளி நிற்பார். நிற்கட்டும்.)

மோர் விட்ட பழைய சோறு, ரெண்டு சின்ன வெங்காயம், உப்பு போதும். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் படுங்கள்.

சாயங்காலமும் அசதி தீரவில்லையா? அரை டம்ளர் காபி குடித்த கையோடு 20 நிமிடம் சாயுங்கள். காஃபீன் வேலைசெய்ய ஏறக்குறைய அவ்வளவு நேரமாகும். எழும்போது தெம்பாக இருக்கும். அலாரம் கட்டாயம். ஒருமுறை வைக்காமல் படுத்தேன். விழித்தபோது மணி 9. டியூட்டி 8-க்கு.