பித்தப்பை எடுத்தாச்சு, இனி எப்படி சாப்பிடுறது?

எங்க அம்மாவுக்கு பித்தப்பைல கல்லுன்னு லேப்ராஸ்கோப்பில, அதாவது சின்ன துளை போட்டு பண்ற ஆபரேஷன்ல, பையையே எடுத்தாங்க, பத்தாவது நாள் ஆசையா ரெண்டு மெதுவடை சாப்பிட்டாங்க, கொஞ்ச நேரத்துலயே வயித்த கலக்கிடுச்சு, பாவமா இருந்துச்சு.

கொழுப்பு செரிக்க உதவுற பித்தநீர சுரக்குறது கல்லீரல் தான், பை போனாலும் அது நிக்காது. சேத்து வச்சு கெட்டியாக்கி கொழுப்பு வரும்போது மொத்தமா விடுறது தான் பையோட வேலை. இப்ப பித்தநீர் சொட்டு சொட்டா குடலுக்கு போய்ட்டே இருக்கும், அதனால கொஞ்சம் எண்ணெய்னா சமாளிக்கும், ஒரே வேளைல நிறைய வந்தா திணறும்.

அதனால வயிறு முட்ட மூணு வேளை வேணாம், அஞ்சாறு தடவையா பிரிச்சு சாப்பிடுங்க. முதல் சில வாரம் இட்லி, இடியாப்பம், குழைஞ்ச சாதம், காரம் கம்மியா ரசம், ஆடை எடுத்த மோர் போதும். தாளிக்கும்போது கண்ணளவுல ஊத்தாதீங்க, டீஸ்பூன்ல அளந்து ஊத்துங்க, நான் அளந்து பாத்தப்ப தான் நாங்க தினமும் எவ்ளோ ஊத்துறோம்னே தெரிஞ்சது. பூரி, பரோட்டா, பிரியாணி இப்போதைக்கு தள்ளி வைங்க. அதுக்குன்னு எண்ணெய சுத்தமா நிறுத்தாதீங்க, ஏ, டி, ஈ, கே வைட்டமின் உடம்புல சேர கொழுப்பு வேணும்.

ஓட்ஸ், கேரட் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சேருங்க, ஒரேயடியா போட்டா கேஸ் தான். புதுசா எது சாப்பிட்டாலும் நோட்ல குறிச்சு வைங்க, காபியும் சிலருக்கு ஒத்துக்காது.

வாரக்கணக்கா பேதி நிக்கலன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, பித்தநீர்ல இருக்குற பித்த அமிலத்த பிடிச்சு வைக்கிற மருந்து இருக்கு. காய்ச்சல், கண்ணு மஞ்சள், வெளிறின மலம், தாங்க முடியாத வலி இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க.